மிட்டாய்க்குப் பதிலாக ஒரு சிகரெட்

1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஒரு சிகரெட் விளம்பரம் வெளிவரத் தொடங்கியது. இனிப்புப் பண்டத்தை எடுக்கக் கை நீளும்போது, அதை விட்டுவிட்டு ஒரு ‘லக்கி’யை எடுங்கள் என்பது அதன் சாரம். லக்கி ஸ்டிரைக் என்பது சிகரெட்டின் பெயர். விளம்பரத்தில் தோன்றியவர்களுள் பாடகியரும் நடிகையரும் இருந்தனர். புகையிலையின் மணத்தையோ சுவையையோ பற்றி அந்த விளம்பரங்கள் பேசாமல் இல்லை. ஆனால் அவை உண்மையில் பேசியது இடுப்பின் சுற்றளவைப் பற்றி.

சிகரெட்டுக்கும் உடல் எடைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை; பொய்க்கு ஆயுள் குறைவு. பாதி உண்மையாக இருந்ததனால்தான் அந்த விளம்பரத்தின் கருத்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது. இன்று அது சிகரெட்டை விட்டுவிட்டு மின்சிகரெட்டுக்குள் குடிபுகுந்திருக்கிறது. பேச்சு வழக்கில் ‘வேப்’ எனப்படும் இக்கருவியைப் பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் நாடுவதற்குக் காரணங்கள் பல. உடம்பு பெருத்துவிடுமோ என்னும் அச்சம் அவற்றுள் ஒன்று. இந்த அச்சம் எப்படி ஒரு சந்தைப் பொருளாயிற்று, அதற்குள் இருக்கும் அறிவியல் எவ்வளவு என்பதை இங்கே பார்ப்போம்.

பசியும் புகையிலையும்

மெலிந்த உடல் அழகு என்று எவரும் எண்ணாத காலத்திலேயே, புகையிலை பசியை மறக்கச் செய்யும் என்பது மனிதருக்குத் தெரிந்திருந்தது. ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் நிக்கோலஸ் மொனார்டெஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. ஆனால் அங்கிருந்து கப்பலில் வந்திறங்கிய மூலிகைகளையெல்லாம் ஆராய்ந்து எழுதி வைத்தார். 1571-இல் வெளிவந்த அவரது நூற்பகுதியில் புகையிலையைப் பற்றி நீண்ட விளக்கம் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடியினர் புகையிலையோடு சுட்ட சிப்பிச் சுண்ணாம்பைச் சேர்த்து மென்று சிறு உருண்டைகளாக்கிக்கொள்வர். நெடும்பயணத்தில் அவற்றை வாயில் அடக்கிக்கொண்டு மூன்று நான்கு நாட்கள் உணவின்றி நடப்பர் என்று அவர் எழுதினார்.

புகையிலையும் சுண்ணாம்பும்! நம் ஊர் வெற்றிலைப் பெட்டியை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வேதியியல் முறையிலும் இதில் பொருள் உண்டு. சுண்ணாம்பு ஒரு காரம். காரச் சூழலில் புகையிலையிலுள்ள நிக்கோட்டின் விடுபட்டு, வாயின் உட்புறத் தோல் வழியே விரைந்து இரத்தத்தில் கலக்கும். காரமா அமிலமா என்னும் இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் அது மறுபடி வரும்.

வேளைக்குச் சோறு கிடைக்காத உழைப்பாளி பசி தெரியாமலிருக்கப் புகையிலையை அடக்கிக்கொள்வது வேறு. சோறு நிறைந்த வீட்டில் உண்ணாமலிருப்பதற்காக அதை நாடுவது வேறு. முதலாவது வறுமையின் வழக்கம். இரண்டாவது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. அதற்குக் காலமும் இடமும் ஆட்களும் உண்டு.

ஒரு வணிகரும் ஒரு விளம்பரத் தந்திரக்காரரும்

அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் தலைவராக 1920-களில் இருந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். அப்போது அமெரிக்காவில் சிகரெட் பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பெண்கள் பொது இடத்தில் புகைப்பது நாகரிகக் குறைவென்று கருதப்பட்டது. மக்கள் தொகையில் பாதிப்பேர் தம் வாடிக்கையாளராக இல்லையே என்பது ஹில்லின் மனக்குறை. அதே ஆண்டுகளில் பெண்களின் உடையில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. இறுக்கமான கச்சையும் அகன்ற பாவாடையும் போய், நேராகத் தொங்கும் குட்டை அங்கி வந்தது. அந்த உடைக்கு ஏற்றது ஒடிசலான உடல்தான். குளியலறையில் வைக்கும் எடைக்கருவியும் கலோரிக் கணக்கும் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது.

இந்தப் புதிய கவலையையும் தம் பழைய சரக்கையும் ஹில் முடிச்சுப் போட்டார். அவருக்குத் துணை நின்றவர் எட்வர்ட் பெர்னேஸ். உளப்பகுப்பாய்வு மேதை சிக்மண்ட் ஃபிராய்டின் மருமகன் முறையாகும் இவர், மக்கள் தொடர்பு என்னும் தொழிலுக்கே முன்னோடி. மெலிந்த உருவமே அழகு என்று சொல்லும் கட்டுரைகளும் படங்களும் பத்திரிகைகளில் வரும்படி செய்தார். உணவின் முடிவில் இனிப்பைவிடப் பழமும் காப்பியும் சிகரெட்டும் நல்லவை என்று மருத்துவர் ஒருவரையே சொல்ல வைத்தார். உணவு விடுதிகள் தம் இனிப்புப் பட்டியலில் சிகரெட்டையும் சேர்க்க வேண்டும் என்றும், சமையலறை அலமாரி செய்வோர் மாவுக்கும் சர்க்கரைக்கும் இடம் ஒதுக்குவது போலச் சிகரெட்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்றும் தூண்டினார். 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்தபடி நடந்த காட்சியும் அவர் ஏற்பாடுதான். அதைப் பெண் விடுதலையின் தீப்பந்தம் என்று செய்தியாக்கினார்கள்.

மிட்டாய் உற்பத்தியாளர்கள் சும்மா இருப்பார்களா? கொதித்தெழுந்தனர். வழக்குத் தொடுப்போம் என்றனர். 1929 ஜூனில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ரீட் ஸ்மூட், இந்த விளம்பரங்களைக் கண்டித்து அமெரிக்க செனட் சபையில் கடுமையாகப் பேசினார். இளைஞரின் உடல்நலத்தில் அவருக்கு அக்கறை இருந்திருக்கலாம். யூட்டாவின் முக்கிய விளைபொருள்களில் ஒன்று பீட் கிழங்குச் சர்க்கரை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் விளம்பரத்திலிருந்து ‘இனிப்பு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டது. அதற்குப் பதில் வேறொன்று வந்தது. ஒல்லியான பெண்ணின் முகம் ஒன்று. அதன் பின்னால் இரட்டை நாடியும் தடித்த கழுத்துமாய் அவளுடைய நிழல். இது நாளைய உன் உருவம், தப்பித்துக்கொள் என்பது அதன் செய்தி. 1930-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தலையிட்டு, சிகரெட்டால் உடல் மெலியும் என்னும் பொருள்படச் சொல்லக் கூடாது என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கியது. ஆனால் அதற்குள் லக்கி ஸ்டிரைக் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் சிகரெட்டாகிவிட்டது. சொல்லக் கூடாதென்று தடுத்தபோது அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமற் போயிருந்தது. எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டிருந்தது.

பத்து வாட் உண்மை

இனி அறிவியலுக்கு வருவோம். புகையிலையிலிருந்து நிக்கோட்டினைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போசெல்ட், ரைமன் என்னும் இருவர், ஆண்டு 1828. கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி 1905-இல் தசைகளின்மேல் நிக்கோட்டினைச் செலுத்தி ஆராய்ந்தபோதுதான், உயிரணுவில் ஒரு மருந்தைப் பற்றிக்கொள்ளும் ‘ஏற்புப் பொருள்’ ஒன்று இருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். இன்றைய மருந்தியலின் அடித்தளங்களில் ஒன்றை நாம் இந்த நஞ்சிடமிருந்து பெற்றோம் என்பது விந்தை.

நிக்கோட்டின் உடலில் நுழைந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. உடலின் எரிபொருள் செலவு சற்றே கூடுகிறது. எவ்வளவு கூடுகிறது? 1986-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதை அழகாக அளந்து காட்டினர். புகைபிடிக்கும் எட்டுப் பேரை ஒவ்வொருவராக ஓர் அடைத்த அறையில் 24 மணி நேரம் இருக்கச் செய்தனர். உள்ளே போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் பகுத்து, உடல் செலவிடும் ஆற்றலைக் கணக்கிடும் அறை அது. ஒரு நாள் 24 சிகரெட். இன்னொரு நாள் சிகரெட்டே இல்லை. புகைக்காத நாளில் சராசரிச் செலவு 2230 கிலோகலோரி. புகைத்த நாளில் 2445.

இதை இயற்பியல் அலகுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு கிலோகலோரி 4184 ஜூல். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆக, புகைக்காத மனிதர் 108 வாட் விளக்கு; புகைத்தவர் 118 வாட் விளக்கு. ஒரு நாளெல்லாம் நிக்கோட்டினை உள்ளிழுத்து அவர் கூடுதலாக எரித்தது ஏறத்தாழ 10 வாட். ஒரு சிறு இரவு விளக்கு எரியும் அளவு. இதற்காக அவர் கொடுத்த விலை 24 சிகரெட்டின் தாரும் கார்பன் மோனாக்சைடும்.

இன்னொரு பக்கம் பசி. 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மரீனா பிச்சியோட்டோவும் உடன் ஆய்வாளரும் சுண்டெலிகளைக் கொண்டு இதன் வழியைக் கண்டறிந்தனர். மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே ‘போதும், வயிறு நிறைந்தது’ என்னும் செய்தியை அனுப்பும் நரம்பணுக்கள் உள்ளன. நிக்கோட்டின் அவற்றிலுள்ள ஒருவகை ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, உண்ணாதபோதே அந்தச் செய்தியை அனுப்பச் செய்கிறது. அந்த ஏற்பிகள், அடிமைப் பழக்கத்துக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படும் ஏற்பிகளினின்று வேறுபட்ட வகை. எனவே மொனார்டெஸ் கேள்விப்பட்டது சரிதான்.

அப்படியானால் விளம்பரம் சொன்னது மெய்யாகுமா? அடியில் சிறு துளையுள்ள ஒரு பானையில் குழாயிலிருந்து நீர் விழுந்துகொண்டிருக்கட்டும். நீர் மட்டம் ஓரிடத்தில் வந்து நிலைத்து நிற்கும். துளையைச் சற்றே பெரிதாக்கினால் மட்டம் சிறிது இறங்கி, வேறோரிடத்தில் நிலைக்கும். பானை வற்றிப் போகாது. துளையைப் பழையபடி சிறிதாக்கினால் மட்டம் பழைய இடத்துக்கே ஏறும். நீண்டகாலம் புகைப்பவரின் எடை இப்படித்தான் சில கிலோ இறங்கி நிற்கிறது. பழக்கத்தை விட்டதும் ஏறுகிறது. 1991-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின்படி, புகையை விட்டதனால் ஆண்களுக்குச் சராசரி 2.8 கிலோவும் பெண்களுக்கு 3.8 கிலோவும் கூடின. 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விட்ட ஓராண்டில் 4 முதல் 5 கிலோ என்று சராசரி கிடைத்தது. ஆனால் அதே தொகுப்பில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு எடை குறைந்தே இருந்தது. சராசரி என்பது எவருடைய தலையெழுத்தும் அன்று.

பதின்வயதினருக்கு இந்தப் பாதி உண்மையும் கிடைப்பதில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. புகைப்பவர்க்கும் புகைக்காதவர்க்கும் உள்ள எடை வேறுபாடு நடுவயதினரிடம் தெளிவாகத் தெரிகிறது. இளைஞரிடம் செய்த ஆய்வுகளில் அது மிகச் சிறிதாகவோ இல்லாமலோ போகிறது. பின்லாந்தில் 1975-க்கும் 1979-க்கும் இடையே பிறந்த இரட்டையர்களைப் பதின்வயது முதல் தொடர்ந்து கவனித்தார்கள். பதின்வயதில் நாளொன்றுக்குப் பத்தும் அதற்கு மேலும் சிகரெட் பிடித்த பெண்களுக்கு, இருபதுகளில் இடுப்புச் சுற்றளவு, ஒருபோதும் புகைக்காத பெண்களைவிட 3.4 சென்டிமீட்டர் அதிகமாக இருந்தது. எந்த இடுப்பைக் காக்க விளம்பரம் வாக்களித்ததோ, அதே இடுப்பு! எடை கூடாதபோதும் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேரும் போக்கு புகைப்பவர்களிடம் காணப்படுகிறது. இதயத்துக்கும் நீரிழிவுக்கும் தீங்கு செய்வது அந்த இடத்துக் கொழுப்புதான்.

23 மில்லிமீட்டர்

1968-இல் பிலிப் மாரிஸ் நிறுவனம் பெண்களுக்கென்றே வர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்ற சிகரெட்டை வெளியிட்டது. மெலியும் என்று சொல்லத் தடையிருந்தது. ஆகவே சிகரெட்டையே மெலிதாக்கிவிட்டார்கள். வழக்கமான சிகரெட்டின் சுற்றளவு 25 மில்லிமீட்டர், இதற்கு 23. இரண்டு மில்லிமீட்டரில் ஒரு விளம்பரம் முழுவதும் அடங்கிவிட்டது! பெயரிலேயே ‘மெலிவு’ இருக்கிறதே, வேறு என்ன சொல்ல வேண்டும்? அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் சட்டப்படி முடிவுக்கு வந்தது 1971-இன் தொடக்கத்தில். கடைசியாக ஒளிபரப்பான சிகரெட் விளம்பரம், ஜனவரி முதல் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் வந்த வர்ஜீனியா ஸ்லிம்ஸ் விளம்பரமே.

இதன் விளைவை ஆய்வாளர்கள் பின்னர் அளந்தனர். 1944 முதல் 1988 வரை அமெரிக்கப் பெண்கள் எந்த வயதில் புகைக்கத் தொடங்கினர் என்பதை ஆராய்ந்த அறிக்கை 1994-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. 18 வயதுக்குட்பட்ட பெண்கள் புகைக்கத் தொடங்கும் விகிதம் 1967 வாக்கில் சட்டென்று ஏறி, 1973-இல் உச்சியை எட்டியது. பன்னிரண்டு வயதுச் சிறுமியரிடம் இந்த விகிதம் அந்த ஆறாண்டுகளில் இரு மடங்குக்கும் மேலாயிற்று. அதே வயதுச் சிறுவர்களிடம் இத்தகைய ஏற்றம் இல்லை. பெண்களுக்கான சிகரெட் வகைகள் சந்தைக்கு வந்த காலம் அதுவே என்பதை அறிக்கை சுட்டியது.

அதே 1994-இல் மின்னசோட்டா ஆய்வாளர்களின் கட்டுரையொன்றும் வந்தது. ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படித்த ஏறத்தாழ 1,700 மாணவர்களை அவர்கள் ஓராண்டு இடைவெளியில் இருமுறை விசாரித்தனர். எடை கூடிவிடும் என்று அஞ்சிய, உணவைக் குறைக்க முயன்ற சிறுமியர், மற்றச் சிறுமியரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் அந்த ஓராண்டுக்குள் புகைக்கத் தொடங்கியிருந்தனர். கவலை முன்னே வந்தது. சிகரெட் பின்னே வந்தது. இந்த வரிசை முக்கியமானது.

சிகரெட் நிறுவனங்களின் உள் ஆவணங்கள் நீதிமன்ற வழக்குகளினால் பின்னாளில் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்த சுவிஸ் ஆய்வாளர் சிலர் 2011-இல் எழுதியதைப் படிக்கும்போது சற்றுத் திடுக்கிடத்தான் வேண்டியிருக்கிறது. பசியை அடக்கும் பொருள்களைச் சிகரெட்டிலேயே கலப்பது பற்றி நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக எண்ணியும் சோதித்தும் வந்திருக்கின்றன.

மின்சிகரெட்

புகையிலையை எரிக்காமல் நிக்கோட்டினைத் தரும் எண்ணம் புதிதன்று. அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர், புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963-இல் விண்ணப்பித்து 1965-இல் காப்புரிமை பெற்றார். அதைத் தயாரிக்க எந்த ஆலையும் முன்வரவில்லை. இன்றைய கருவிக்கு மூலவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக். தாமே கடும் புகைப்பழக்கம் உடையவர். அதிலிருந்து விடுபட வழி தேடி 2003-இல் தம் கருவியை உருவாக்கினார். நோக்கம் நல்லதே.

கருவியின் அமைப்பு எளியது. ஒரு மின்கலம், ஒரு சூடேறும் கம்பிச்சுருள், ஒரு திரி, சிறிது திரவம். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் பெரும்பகுதி. முன்னதன் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், பின்னதற்கு 290. சூட்டில் ஆவியாகும் இத்திரவம் குளிர்ந்த காற்றைச் சந்தித்ததும் நுண்ணிய துளிகளாக மீண்டும் உறைகிறது. ஆகவே வாயிலிருந்து வெண்மையாக வெளிவருவதை ஆவி என்பது இயற்பியற் பிழை. உண்மையான ஆவி கண்ணுக்குத் தெரியாது. நாம் காண்பது மார்கழி மூடுபனியைப் போல ஒளியைச் சிதறடிக்கும் துளிக்கூட்டம். நீராவிதானே என்று இளைஞர்கள் நினைத்துக்கொள்வதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் துளிகளுக்குள் நிக்கோட்டின் இருக்கிறது.

இப்போது சுண்ணாம்பை நினைவுகூருங்கள். காரத் தன்மையுள்ள நிக்கோட்டின் தொண்டையைக் கரகரக்கச் செய்யும். புதிதாய் இழுப்பவர் இருமி எறிந்துவிடுவார். 2015-இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்னும் கருவி இதற்கு ஒரு வழி கண்டது. பெயரின் ஒலியைக் கேட்டு நம் ஆற்றல் அலகோ என்று நினைக்க வேண்டாம், எழுத்து வேறு. அதில் நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கியிருந்தார்கள். அமிலம் காரத்தைத் தணிக்கவே கரகரப்பு போயிற்று. நிக்கோட்டின் அளவு 5 சதவீதம், 0.7 மில்லிலிட்டர் கொண்ட ஒரு சிறு குப்பியில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு நிகரான நிக்கோட்டின் உண்டென்று நிறுவனமே கூறியது. அன்று காரம் செய்த வேலையை இன்று அமிலம் வேறு வழியில் செய்தது.

அதன்மேல் பூசியது இனிப்பு. மாம்பழம், கிரீம், பலவகைப் பழக்கலவை. கிளிசரின் தானாகவே சற்று இனிக்கும். பல திரவங்களில் சுக்ரலோஸ் என்னும் செயற்கை இனிப்பையும் சேர்க்கிறார்கள். 1928-இல் மிட்டாயை விட்டு நிக்கோட்டினை எடு என்றார்கள். இப்போது நிக்கோட்டினே மிட்டாயாக வந்தது, கலோரியும் இல்லை! உடம்பு பெருக்குமோ என்று அஞ்சும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட இனிய வாக்குறுதி வேறென்ன இருக்க முடியும்? பழச்சுவை, மிட்டாய்ச் சுவைச் சிகரெட்டுகளை அமெரிக்கா 2009-இலேயே தடை செய்திருந்தது. மின்சிகரெட் அந்தத் தடைக்குள் வரவில்லை. 2020-இல் குப்பி மாற்றும் வகைகளில் மட்டும் பெரும்பாலான சுவைகளை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் தடுத்தபோது, மாணவர்கள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைக்கு மாறிக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் தேசிய இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, உயர்நிலைப் பள்ளி மாணவரில் முந்தைய 30 நாட்களுக்குள் மின்சிகரெட் இழுத்தவர்கள் 2011-இல் 1.5 சதவீதம். 2018-இல் 20.8, 2019-இல் 27.5. பின்னர் விகிதம் குறைந்து 2024-இல் 7.8 சதவீதமாயிற்று.

இவர்களுள் எடைக்காக இழுப்பவர் எத்தனை பேர்? 2017-இல் மின்சிகரெட் பயன்படுத்தும் அமெரிக்கப் பெரியவர்களிடம் கேட்டபோது, ஏழெட்டுப் பேரில் ஒருவர் எடையைக் குறைக்கவோ கட்டுப்படுத்தவோ இழுப்பதாகச் சொன்னார். 2021-இல் வெளியான இன்னோர் ஆய்வு 51,000-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவரின் விடைகளை அலசியது. மின்சிகரெட் இழுப்பவரிடம் உணவுண்ணல் சார்ந்த மனக்கோளாறுகள் மற்றவரைவிட மிகுதியாகக் காணப்பட்டன. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு இது. எது முன், எது பின் என்பதை இதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆயினும் மின்னசோட்டாச் சிறுமியரை அறிந்த நமக்கு வரிசையை ஊகிப்பது கடினமன்று.

இந்த வரலாற்றில் மிக விசித்திரமான பக்கம் 2018 அக்டோபரில் எழுதப்பட்டது. ரிமோனபன்ட் என்பது உடல் எடையைக் குறைப்பதற்காக ஐரோப்பாவில் விற்கப்பட்ட மாத்திரை. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுவதாகத் தெரிந்ததால் 2008-இல் அதன் விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது. அமெரிக்கா அதற்கு அனுமதியே அளித்ததில்லை. அந்த மருந்தை மின்சிகரெட் திரவத்தில் கலந்து ஒரு சீன நிறுவனம் விற்றுக்கொண்டிருந்ததைக் கண்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஒரு காலத்தில் ஆவணங்களுக்குள் ஒளிந்திருந்த எண்ணம் இப்போது குப்பியின் மேல் பெயராகவே ஒட்டப்பட்டிருந்தது.

நம் நாட்டில் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டே தடை விதித்தது. ஆனால் பொருளைத் தடுக்கும் சட்டத்தால் அச்சத்தைத் தடுக்க முடியாது. சுங்கச் சாவடியில் பிடிபடும் சரக்கன்று அது. கைப்பேசித் திரையிலும் வகுப்பறைக் கேலியிலும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

அச்சத்தையே மருந்தின் இலக்காகக் கொண்ட ஒரு சோதனை உண்டு. 2001-இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், எடை கூடுமென்ற பயத்தால் புகையை விட முடியாதிருந்த 219 பெண்களை மூன்று பிரிவாக்கினர். எல்லாருக்கும் புகையை விடுவதற்கான வழக்கமான ஆலோசனை தரப்பட்டது. முதற் பிரிவுக்கு அது மட்டுமே. இரண்டாம் பிரிவுக்கு உணவைக் கட்டுப்படுத்தி எடையைப் பேணும் பயிற்சியும் சேர்த்து அளித்தார்கள். மூன்றாம் பிரிவினரிடம் எடையைக் குறைப்பது பற்றிப் பேச்சே இல்லை. சில கிலோ கூடினால் கூடட்டும், உடலைப் பற்றிய உங்கள் கணிப்பைச் சற்று மாற்றிப் பாருங்கள் என்று மட்டும் பயிற்றுவித்தார்கள். ஓராண்டுக்குப் பின் முதற் பிரிவில் 9 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 13 சதவீதத்தினரும் மூன்றாம் பிரிவில் 21 சதவீதத்தினரும் புகையை விட்டிருந்தனர். எடை மிகக் குறைவாகக் கூடியிருந்ததும் அந்த மூன்றாம் பிரிவினருக்கே.